முடியாத பிள்ளை

என் மகளுக்கு இடது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். பிறக்கும்போதே அப்படித்தான். முனை உருண்டையாக, மழுமழுவென்று இருக்கும். வீட்டில் அதைச் சின்னக் கை என்போம். மற்றது பெரிய கை. "சின்னக் கையைக் கழுவினியா", "பெரிய கையில என்னடி கறை" என்று பேசிப் பேசி அது எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியாள் கேட்டால்தான் வேறு வார்த்தை தேட வேண்டியிருக்கும். ஊனம் என்று சொல்ல வாய் கூசும். கையில்லாத பிள்ளை என்றால் அது பொய், கை இருக்கிறதே. அதனால் "முடியாத பிள்ளைங்க" என்று சொல்லிவிடுவோம். நானும் சொல்வேன், அவள் அப்பாவும் சொல்வார். பக்கத்து அறையில் குடியிருக்கும் என் நாத்தனார் மூச்சுக்கு மூச்சு சொல்வாள். காதுக்கு மெத்தென்று இருக்கிற வார்த்தை. கேட்டவர்களும் ச்சு கொட்டிவிட்டு அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள்.

பிள்ளைக்கு வீட்டில் கூப்பிடுகிற பேர் எறும்பு. கட்டெறும்பு என்று ஆரம்பித்துத் தேய்ந்து எறும்பு ஆகிவிட்டது. எதையும் பல்லால் கடித்துத்தான் திறப்பாள். பொட்டலம், பேனா மூடி, இறுகிப்போன முடிச்சு, எல்லாவற்றுக்கும் பல்தான். சிரித்த முகம். யார் என்ன சொன்னாலும் கோபம் வராது. யார் கூப்பிட்டாலும் சரி என்பாள், ஆனால் போக மாட்டாள். அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் அவள் அப்பாவும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர் கம்பி கட்டுகிறார். நான் கலவை சுமக்கிறேன். பள்ளி விடுமுறை என்றால் எறும்பையும் வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மணல் மேட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொத்தனாரிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். அந்த ஆளுக்கு மட்டப்பலகை என்று பேர் வைத்திருந்தோம். சிரிக்கவே மாட்டார், முகத்தைப் பலகை வைத்து இழுத்துவிட்டது போல இருக்கும். எறும்பு கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த முகத்தோடுதான் பதில் சொல்வார்.

எறும்பு மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து அப்படியே போனேன்.

"வாங்கம்மா, உக்காருங்க."

"துணியெல்லாம் சிமெண்டுங்க டீச்சர். நாற்காலி வீணாயிடும்."

"துடைச்சா போச்சு, உக்காருங்க."

நுனியில் உட்கார்ந்தேன். "என்ன பண்ணிட்டா டீச்சர்? யாரையாவது கடிச்சு வச்சுட்டாளா?"

"கடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா" என்றார் டீச்சர். "போன வாரம் ஒவ்வொருத்தரா எழுந்து தன்னைப் பத்திச் சொல்லச் சொன்னேன். நான் குண்டு, எனக்குக் கணக்கு வராது, எனக்குப் பாம்புன்னா பயம், இப்படிச் சொல்லிட்டு உக்காந்தாங்க. உங்க பொண்ணு எழுந்து, 'நான் முடியாத பிள்ளை'ன்னா."

"அழுதாளா?" என்றேன்.

"அழல. அதான் விஷயமே. சந்தோஷமாச் சொன்னா. 'நான் முடியாத பிள்ளை. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. கைப்பிடி கடைசியிலதான் வைப்பாங்க. வச்சதும் நான் முடிஞ்சிடுவேன்'னு சொன்னா. ஒரு பையன், 'முடி இல்லாதவங்கதான் முடியாத பிள்ளை, அப்ப நீ மொட்டை'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரல."

ஒரு நிமிடம் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கிற்று.

வேலை நடக்கிற இடத்தில் நாங்கள் பேசுகிற பேச்சுதான் அது. "அந்தப் பக்கம் போகாதே, முடியாத வீடு" என்று பிள்ளையை அதட்டுவோம். மாடியில் ஓரத்துக்குப் போனால், "கைப்பிடிச் சுவர் இன்னும் வைக்கல, விழுந்து தொலைக்காதே" என்று கத்துவோம். படிக்கட்டுக்கு ஏன் கைப்பிடி இல்லை என்று அவள் கேட்டிருப்பாள். மட்டப்பலகை, "கைப்பிடியெல்லாம் கடைசியிலதான் வைப்போம்" என்று சொல்லியிருப்பார். முடியாத வீட்டுக்குக் கைப்பிடி கடைசியில் வரும். தானும் முடியாத பிள்ளை. தனக்கும் கை கடைசியில் வரும். அதுவும் நாங்களே சின்னக் கை என்கிறோம். சின்னது என்றால் நாளைக்குப் பெரிதாகும்தானே.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குளிக்கும்போது சின்னக் கைக்கு மட்டும் தனியாக, மெதுவாக, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, சீக்கிரம் வாடி என்று கத்துவேன். அது விளையாட்டு இல்லை. பூசின சுவர் கெட்டிப்பட நாங்கள் காலையும் மாலையும் தண்ணீர் விடுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"எதுக்குக் கூப்பிட்டாலும், 'முடிஞ்சப்புறம் வரேன் டீச்சர்'னு சொல்லுவா" என்றார் டீச்சர். "எழுதி முடிச்சப்புறம்னு சொல்றாளாக்கும்னு நான் விட்டுடுவேன். பாட்டுக்கு, விளையாட்டுக்கு, எல்லாத்துக்கும் அதே பதில். பந்து எறியிறதுல இந்த வகுப்புல அவளை மிஞ்ச ஆள் இல்லம்மா. ஒத்தக் கையாலயே எல்லாம் செஞ்சு செஞ்சு அந்தக் கை இரும்பாட்டம் இருக்கு. விளையாட்டு விழாவுக்குப் பேர் குடுன்னா, 'நான் முடிஞ்சதும் குடுக்கிறேன்'ங்கிறா. எத்தனை வருஷம் இப்படியே உக்காந்திருப்பா?"

"நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்களேன் டீச்சர்."

"சொல்லலாம். நான் சொன்னா நேரா வீட்டுக்கு வந்து, டீச்சர் சொன்னது நிசமாம்மான்னு உங்களைத்தான் கேப்பா. அப்ப நீங்க சொல்லித்தானே ஆகணும்?"

நாற்காலியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னேன். கம்பித் துரு ஒட்டின கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா" என்றார். "அந்தச் சிரிப்புல எதுக்கு மண்ணள்ளிப் போடணும்?"

"எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் போடுறா. வராத கைக்குக் காத்துக்கிட்டு இருக்கா."

"மூணாவதுதானே படிக்கிறா. காத்திருந்தா என்ன இப்போ?"

எங்கள் வீட்டுச் சுவர் அட்டை மாதிரி. பக்கத்து அறையிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அண்ணி, வரும்னே சொல்லி வைங்க. வளர வளரத் தானாப் புரிஞ்சுக்கும். நமக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

"ஒட்டுக் கேக்காதே, சோத்தைத் தின்னு" என்றார் அவர்.

"ஒட்டுக் கேக்க வேற செய்யணுமாக்கும். நீங்க கொட்டாவி விட்டாக்கூட எனக்குக் கேக்குது அண்ணே."

அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்றதுன்னா நீ சொல்லு. எனக்கு நாக்கு எழாது."

சொல்லாவிட்டால் பிள்ளை காலம் பூராவும் வாசலில் நின்றுகொண்டிருக்கும். சொன்னால் அந்த முகத்திலிருக்கிற சிரிப்பு போய்விடும், திரும்பி வருமோ வராதோ. கலவைச் சட்டியைத் தலையில் வைத்தபோதெல்லாம் இதுவும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

மட்டப்பலகையிடம் சொன்னேன். கையிலிருந்த பூச்சுக் கரணையைக் கீழே போட்டுவிட்டார்.

"அடக் கொடுமையே! நான் மாடிப்படியைச் சொன்னேன்மா!"

அந்த முகத்தில் அசைவு என்று ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். "என் வாயால வந்தது, நானே சரி பண்ணிடுறேன்" என்றார். அடுத்த விடுமுறைக்கு எறும்பு வந்தபோது கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் மணல் சலிக்கிற பெரிய சல்லடைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"எறும்பு, சில வீட்டுக்குக் கைப்பிடியே வைக்க மாட்டாங்க, தெரியுமா?"

"ஏன் மாமா?"

"டிசைனே அப்படி."

"அப்ப மேலேருந்து விழுந்துடுவாங்களே?"

"விழ மாட்டாங்க. பாத்து நடந்துக்குவாங்க."

"பாவம் மாமா அவங்க. நீங்க மேஸ்திரிகிட்டச் சொல்லி வச்சுக் குடுத்துடுங்க. கடைசியில வச்சாப் போதும்."

மட்டப்பலகை எழுந்து வந்துவிட்டார். "எனக்குச் சுவர் கட்டத்தான் தெரியும். என்னை விட்டுடு தாயி" என்றார்.

மறுநாள் காலையில் நானே சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சின்னக் கையை நீட்டி வைத்து அதன் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி அதுக்கு மட்டும் தனியா?"

"காயவிடக் கூடாதும்மா. காஞ்சா வெடிப்பு விழும்."

"போதும், ஊத்தாதே. அது வளராது."

"எது?"

"சின்னக் கை. அது அவ்வளவுதான்."

"இப்பவா?"

"எப்பவும்."

"நான் பெரியவளானப்புறம்?"

"உன்கூடச் சேர்ந்து அதுவும் கொஞ்சம் பெருசாகும். விரல் வராது. உள்ளங்கை வராது."

சொம்பைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"டாக்டரு. நீ பொறந்தப்பவே சொன்னாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

"தெரியும்."

"கொத்தனார் மாமாவுக்கு?"

"ம்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

நான் துண்டை எடுத்துப் போர்த்தப் போனேன். தள்ளிவிட்டாள். "அப்ப எதுக்கு முடியாத பிள்ளைன்னு சொன்னீங்க?"

"அது அந்த அர்த்தம் இல்லம்மா. வேலை முடியலங்கிற மாதிரி இல்ல. செய்ய முடியாதுன்னு..."

"என்ன செய்ய முடியாது?"

வாயைத் திறந்தேன். பாத்திரம் கழுவ என்று வந்தது. அதைத் தினமும் அவள்தான் கழுவுகிறாள், தட்டைச் சின்னக் கையால் அழுத்திக்கொண்டு. துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, பூட்டுத் திறக்க, புத்தகத்துக்கு அட்டை போட... நாக்கு நுனிக்கு வந்ததெல்லாம் அவள் செய்கிற வேலையாகவே இருந்தது. அந்த வார்த்தையை அத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன முடியாது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!" என்று கத்தினாள். "நான் சும்மா காத்துக்கிட்டே இருந்தேன்!" சொம்பைக் காலால் எத்தினாள். அது உருண்டு போய் நாத்தனார் வாசலில் நின்றது. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். வாழ்க்கையில் அவள் ஒன்றும் பேசாமல் போனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. எறும்பு பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். துண்டை எடுத்துச் சின்னக் கையில் சுற்றிக்கொண்டாள். தூங்கும்போதுகூட அவிழ்க்கவில்லை. கடைக்குப் போகச் சொன்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போய் வந்தாள். தெரு பூராவும் அந்தக் கையை ஆட்டிக்கொண்டு ஓடின பிள்ளை. இப்போது எதிரே யாராவது வந்தால், அவர்கள் கண் எங்கே போகிறது என்று முதலில் பார்க்கிறாள்.

அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லா நின்ன சுவரை இடிச்சுட்டே" என்றார்.

"அது சுவர் இல்லீங்க, திரை" என்றேன். வாய் சொல்லிவிட்டது. மனசுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. உடம்பு அசந்து கிடந்தது. அவர் சொன்னதுதான் சரியோ, இன்னும் கொஞ்ச காலம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமோ என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

வீட்டில் தனியாக விட முடியாமல் வேலைக்கே கூட்டிப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் துண்டு சுற்றிய கையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு பிள்ளைக்கு? அடியா?" என்று கேட்டாள்.

பழக்க தோஷம், "இல்லம்மா, முடியாத பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

"அய்யோ பாவம். இப்படி வந்து உக்காரு கண்ணு." அந்த அம்மாள் பாதி எழுந்துவிட்டாள்.

வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து வாயைத் திறக்காத எறும்பு கேட்டாள், "என்ன முடியாது?"

"என்ன கண்ணு?"

"எனக்கு என்ன முடியாது?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "இல்ல... நிக்க முடியாதுல்ல, அதான்..."

"கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "நியாயமாத்தான் கேக்குது பாப்பா" என்றார் கண்டக்டர். "எனக்குத்தான் நின்னு நின்னு கால் போச்சு. அந்தச் சீட்டை எனக்குக் குடுங்கம்மா." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

டிரைவர் பிரேக் போட்டார். எறும்பு பெரிய கையால் கம்பியை எட்டிப் பிடித்தாள். துண்டு அவிழ்ந்து நழுவிற்று. குனிந்து எடுக்க வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். கம்பியை விட்டால் விழ வேண்டும். துண்டை விட்டுவிட்டாள். இறங்கும்போது நான்தான் எடுத்து உதறிக்கொண்டேன்.

அன்றைக்குப் பிடித்தது ஒரு பிடி. பார்க்கிறவர்களையெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தலை பின்ன முடியாதே உன்னால" என்றாள் நாத்தனார். எறும்பு கதவைச் சாத்திக்கொண்டாள். முடியின் ஒரு பிரிவைப் பல்லால் கடித்து, ஒன்றைச் சின்னக் கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என்னென்னவோ செய்தாள். வெளியே வந்தபோது காதுக்கு மேலே ஒரு ஜடை, சரிந்த சாரம் மாதிரி கோணிக்கொண்டு நின்றது.

"என்னடி இது, எலி கட்டின கூடு மாதிரி?" என்றாள் நாத்தனார்.

"பின்னினேனா இல்லையா அத்தை?"

"பின்னினே, பின்னினே. வெளியில மட்டும் போயிடாதே."

அப்படியே போய்விட்டாள்.

மட்டப்பலகையிடமும் கேட்டாள். அவர் யோசித்தார். "கலவைச் சட்டி தூக்க முடியாது" என்றார். வெறும் சட்டியை எடுத்தாள். விளிம்பைச் சின்னக் கையில் மாட்டி, பெரிய கையால் ஏந்தி, தலைக்குக் கொண்டுபோய்விட்டாள். கலவையைப் போடச் சொன்னாள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, கொஞ்சம் போட்டார். தூக்கினாள். இன்னும் போட்டார். இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் சின்னக் கையிலிருந்து சட்டி வழுக்கி வழுக்கி இறங்கிற்று. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது முடியாது" என்றாள். அழவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "சரி மாமா, அடுத்தது என்ன?"

அந்த வார்த்தையை நாங்கள் பிள்ளை மேல் வைத்திருந்தோம். அவள் அதை எடுத்துச் சட்டியின் மேல் வைத்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு கோபமே வராத பிள்ளைக்கு இப்போது மூக்கு நுனியில் கோபம். மறுபடி பள்ளிக்குப் போன முதல் நாளே, மொட்டை என்று கூப்பிட்ட பையனை, "உனக்கு மூளைக்கு இன்னும் பூச்சே பூசல" என்று சொல்லிவிட்டு வந்தாள். சில நாள் விளக்கணைத்த பிறகு, "எனக்கு மட்டும் ஏம்மா?" என்று கேட்பாள். தெரியவில்லை என்றுதான் சொல்வேன். எனக்குத் தெரியாது. குளிக்கும்போது சின்னக் கைக்குத் தனியாகத் தண்ணீர் விடுவது நின்றுபோயிற்று. சீக்கிரம் குளித்துவிட்டு வந்துவிடுகிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ போல இருக்கும்.

விளையாட்டு விழாவுக்கு அவளாகவே போய்ப் பேர் கொடுத்தாள். பந்து எறிதல். நானும் நாத்தனாரும் போனோம். அவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாதியில் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எறிய வேண்டும். ஆளுக்கு ஒரு எறி. கோட்டை மிதித்தால் கணக்கில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எறிந்தார்கள். பந்து விழுந்த இடத்தில் குச்சி நட்டார்கள். எறும்பு வந்தாள். சின்னக் கையை முன்னால் நீட்டி, அதை வைத்துக் குறி பார்த்து, ஓடி வந்து எறிந்தாள். பந்து எல்லாக் குச்சியையும் தாண்டிப் போய்ச் சுவரில் அடித்துத் திரும்பிற்று. நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அப்பா பின்னாலிருந்து விசில் அடித்தார், அந்த மனுஷனுக்கு விசில் வரும் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

டீச்சர் கொடியை ஆட்டினார். சிவப்புக் கொடி.

"நீ கோட்டை மிதிச்சுட்டே" என்றார்.

"மிதிக்கல!" என்று கத்தினாள் எறும்பு. டீச்சர் குனிந்து காட்டினார். கோட்டுக்கு மேல் அரைப் பாதம் அளவுக்குச் சுண்ணாம்பு கலைந்து கிடந்தது. எறும்பும் குனிந்து பார்த்தாள். தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் வெள்ளையாக இருந்தது.

மேடையில் விருந்தாளியாக வந்திருந்த பெரியவர் மைக்கைப் பிடித்தார். "முடியாத குழந்தை இவ்வளவு தூரம் எறிந்ததே பெரிய விஷயம். இந்தக் குழந்தைக்கு ஒரு சிறப்புப் பரிசு" என்றார். கூட்டம் கை தட்டிற்று. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் நாத்தனார் சத்தமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எறும்பிடம் வாங்கிக்கொள் என்றுதான் நானும் சொன்னேன். போ, போய் வாங்கு என்று கையைக் காட்டினேன். ஏன் சொல்லக்கூடாது? இத்தனை நாள் பட்டது போதும், ஏதோ ஒன்று கையில் வரட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

எறும்பு மேடை ஏறினாள். பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. பெரியவர் குனிந்து நீட்டினார். அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் பேசினது எல்லோருக்கும் கேட்டது.

"இது எதுக்கு?"

"உன் திறமைக்குத்தான் கண்ணு."

"நான் கோட்டை மிதிச்சேன்ல?"

"மிதிச்சே. பரவாயில்ல கண்ணு, உனக்குப் பரவாயில்ல."

"மிதிச்சது காலு. கைக்கு எதுக்குப் பரிசு குடுக்கிறீங்க?"

பெரியவர் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. டீச்சர் மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். "கோட்டை மிதிச்சதால இந்த எறி கணக்கில் இல்லை. அடுத்தது யாரு? வா" என்றார். அடுத்த பிள்ளை பந்தை எடுத்தது.

எறும்பு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நல்லா எறிஞ்சேம்மா, தெரியாம மிதிச்சுட்டேம்மா என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். மூக்கு ஒழுகிற்று. அழட்டும் என்று விட்டேன். இது விளையாட்டில் தோற்ற பிள்ளையின் அழுகை. இந்த அழுகைக்கு நான் பயப்படத் தேவையில்லை.

அவள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "விடு எறும்பு. அந்தக் கோட்டையே எவனோ கோணலாப் போட்டிருக்கான்."

"கோடு நேராத்தான் இருக்கு" என்றாள் அழுகைக்கு நடுவில். "நான்தான் மிதிச்சேன். நீங்க சும்மா இருங்கப்பா."

அவர் அவளுடைய பள்ளிப் பையை வாங்கிச் சுமக்கலாம் என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

வெளியே வந்து நடந்தோம். தெருமுனை வந்தது. நாத்தனாரால்தான் தாங்க முடியவில்லை.

"இருந்தாலும் வாங்கியிருக்கலாம்டி. உள்ள என்ன இருந்துச்சோ."

எறும்பு விசும்பலை நிறுத்தினாள். "என்ன இருந்திருக்கும் அத்தை?"

"தண்ணிப் பாட்டிலா இருக்கும். இவங்க எப்பவும் அதைத்தான் குடுப்பாங்க" என்றார் அவர்.

"பாட்டிலுக்கு அவ்வளவு பெரிய பெட்டியா? வண்ணப் பென்சிலா இருக்கும்" என்றேன் நான்.

"எனக்கென்னவோ நீ ரொம்ப நாளாக் கேக்குற சாப்பாட்டு அடுக்கு டப்பான்னு தோணுது" என்றாள் நாத்தனார். "மூணு தட்டு வச்சது. நல்ல கனமாத் தூக்கினாரு பாரு."

எறும்பு கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"வண்ணப் பென்சில்னா போகட்டும்" என்றாள். "டப்பான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பேன்."